பிள்ளைக்காம்பராவில் ஒரு நிறுவை

நாங்கள் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் வகுப்பிலிருந்த முப்பத்திரண்டு பேரும் பிறவித் தொழிலதிபர்கள் என்று தெரியவந்தது. அதுவரைக்கும் எங்களில் யாருக்கும் அப்படியொரு சந்தேகம் இருந்ததில்லை.

பதுளை டவுனில் ஒரு தளபாடக் கடைக்கு மேலே, மூன்றாம் மாடியில் இருந்தது எங்கள் தாதியர் கல்லூரி. கீழே கட்டிலும் அலமாரியும் விற்பார்கள், மேலே நாங்கள் ஊசி போடப் பழகுவோம். அந்த வருடம் புதிதாகத் தொழில்முனைவு என்றொரு பாடம் வந்தது. அதைப் படிப்பிக்க ஒரு சேரும் வந்தார். சிங்களவர், இளவயது, எந்த வெயிலிலும் டை கட்டியிருப்பார். நல்ல மனிதர். தாதிமார் மாதச் சம்பளத்தையே நம்பிக்கொண்டிருக்கக் கூடாது, சொந்தமாக ஏதாவது தொடங்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. மாதச் சம்பளம் என்பதை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது எங்களுடைய கொள்கை.

முதல் நாளே அவர் ஆளுக்கொரு வினாத்தாள் கொடுத்தார். எங்கள் மனப்பாங்கை அளப்பதற்காம். மூன்று மொழியிலும் இருந்தது. 'புதிய முயற்சிகளில் இறங்க நான் தயங்குவதில்லை.' 'தோல்வி என்னை உற்சாகப்படுத்துகிறது.' ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஐந்து வட்டங்கள். தோல்வி விஷயத்தில் நான் கொஞ்சம் யோசித்தேன். ஓ.எல். பரீட்சையில் கணக்குப் பாடத்தில் முதல் தடவை கோட்டை விட்டபோது நான் உற்சாகப்பட்டதாக ஞாபகமில்லை. இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதேன். இருந்தாலும் 'முற்றாக உடன்படுகிறேன்' என்ற வட்டத்தையே கறுப்பாக்கினேன். எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். அதற்கு மார்க் உண்டா இல்லையா என்று யாரும் சொல்லவில்லை. இருந்துவிட்டால் என்ன செய்வது?

அடுத்த கிழமை சேர் வந்தார். முகம் ஒரு மாதிரி இருந்தது. இப்படியொரு மனப்பாங்கை அவர் எங்கேயும் கண்டதில்லையாம். "இவ்வளவு தைரியம் உள்ளவர்கள் வகுப்பில் உட்கார்ந்திருப்பது நாட்டுக்கு நட்டம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சிரிக்காமல் சொன்னதால் அது பாராட்டா கேலியா என்று பிடிபடவில்லை. பிறகு தண்டனையைச் சொன்னார். இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து, நான்கு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு தொழிலை நடத்திக் காட்ட வேண்டும். கடைசியில் வகுப்பில் வந்து விளக்க வேண்டும். அதற்கு நிச்சயமாக மார்க் உண்டு.

என் கூட்டாளி என் அறைத்தோழி. பசறைக்காரி. அவளுடைய அப்பாவுக்குப் பசறைச் சந்தைக்குப் பக்கத்தில் பலசரக்குக் கடை. அதனால் வகுப்பிலேயே வினாத்தாளில் பொய் சொல்லாத ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். அன்றைக்குப் பின்னேரமே ஆரம்பித்துவிட்டாள்.

"அடியே, ஒங்க தோட்டத்துல எத்தன லயம் இருக்கு?"

"எதுக்குக் கேக்குற?"

"கேட்டா சொல்லேன்டி. பிரஷர் பாக்கப் போறோம். ஆளுக்கு அம்பது ரூவா."

அவளுடைய அண்ணன் கட்டாரிலிருந்து அப்பாவுக்கு அனுப்பிய பிரஷர் மெசின் ஒன்று கடையில் சும்மா கிடந்தது. கையில் பட்டியைச் சுற்றி பட்டனை அமுக்கினால் நம்பர் பெரிதாக வெளிச்சத்தில் வரும். எங்கள் வீடு ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய லயக் காம்பரா ஒன்றில். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய் வரலாம். எல்லாம் சரிதான், ஆனால் எனக்கு ஒன்று இடித்தது.

"டிஸ்பென்சரியில சும்மாவே பாக்குறாங்களே. நமக்கு யாருடி அம்பது ரூவா குடுப்பா?"

"டிஸ்பென்சரியில நம்பர் சொல்லுவாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். சொல்லமாட்டார்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் கையில் பட்டியைக் கட்டுவார்கள், 'ம்' என்பார்கள், 'உப்பக் கொறைங்க' என்பார்கள், அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள். எங்கள் அம்மா பத்து வருடமாகப் போய் வருகிறார். அம்மாவுடைய நம்பர் அம்மாவுக்குத் தெரியாது.

"நாம நம்பரச் சொல்லுவோம். அட்டையில எழுதியும் குடுப்போம். அதுக்குத்தான் காசு," என்றாள் கடைக்காரர் மகள். சும்மா சொல்லக்கூடாது, அந்த நிமிடம் அவள் எனக்குச் சேரை விடப் பெரிய ஆளாகத் தெரிந்தாள்.

இடத்துக்கு, தோட்டத்தில் எங்கள் பகுதியான டிவிஷனின் பிள்ளைக்காம்பரா கிடைத்தது. தாய்மார் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகும்போது சின்னப் பிள்ளைகளை விட்டுப் போகும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை பூட்டிக் கிடக்கும். அங்கே இருந்த நாற்காலிகள் எல்லாம் மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு அளவெடுத்தவை. முதுகு சாய்த்து, பாதம் தரையில் பதிய உட்கார வைத்துத்தான் பிரஷர் பார்க்க வேண்டும் என்று எங்கள் புத்தகத்தில் இருக்கிறது. நாங்கள் முழங்கால் காதைத் தொடும்படி உட்கார வைத்துப் பார்த்தோம்.

முதல் ஞாயிறு மழை. மூன்று பேர் வந்தார்கள். எங்கள் அம்மா, நான் கையைப் பிடித்து இழுத்து வந்ததால்; நூற்று முப்பது வந்தது. கோயில் பூசாரி, எங்களை ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போகலாம் என்று. மூன்றாவது ஆள் நிவாரணத்துக்குப் பெயர் பதிகிறார்கள் என்று நினைத்து வந்தவர். விஷயம் தெரிந்ததும் கையைக் கொடுக்காமலே போய்விட்டார்.

திரும்பிப் போகும்போது பஸ்ஸில் அறைத்தோழி உம்மென்று இருந்தாள். பிறகு சொன்னாள்: "சத்தம் பத்தாதுடி. எங்கப்பா கடையில நின்னு கூப்பாடு போட்டாத்தான் ஆளு நிக்கும். அடுத்த வாரம் நான் நம்பரச் சத்தமாச் சொல்லுவேன், நீ கொப்பியில எழுது. நாலு பேரு காதுல விழுந்தாத்தான் யாவாரம்."

நோயாளியின் விபரத்தை அடுத்தவர் காதில் போடக்கூடாது என்று முதலாம் வருடமே பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணியவர்கள் நாங்கள். இரண்டு பேருக்குமே நல்ல மார்க். அதை நான் அந்த பஸ்ஸில் நினைத்துப் பார்க்கவில்லை. எனக்கு அப்போது வந்திருந்த கவலையெல்லாம் வகுப்பில் போய் மூன்று பேர் வந்தார்கள் என்று எப்படிச் சொல்வது என்பதுதான்.

இரண்டாம் ஞாயிறு பதினைந்து பேர் மட்டில் வந்தார்கள். பெரியம்மாவும் வந்தார். பெரியம்மா என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவர் இல்லை. எங்கள் லயத்தில் பக்கத்துக் காம்பராவில், அடுத்த வீட்டில், இருப்பவர். நான் தவழ்ந்த காலத்திலிருந்தே அப்படித்தான் கூப்பிடுகிறேன். எங்கள் டிவிஷனில் கொழுந்து பறிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. முப்பத்தெட்டு வருடம் மலை ஏறியவர், ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. அன்றைக்கு அந்தக் குட்டி நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினார். மெசின் இரைந்தது.

"நூத்தி எழுவத்தாறு!" என்று கத்தினாள் அறைத்தோழி.

நான் எழுதினேன். எழுதிவிட்டு, "ரொம்பக் கூட இருக்கு பெரியம்மா. நாளைக்கே டிஸ்பென்சரிக்குப் போங்க," என்றேன்.

"கூடவா இருக்கு?" என்று கேட்டுவிட்டு அவர் சிரித்தார். பயத்தில் சிரிக்கிறார் என்று நினைத்தேன். அட்டையை வாங்கி, நாலாக மடித்து, ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் ஞாயிறு நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே போனபோது பிள்ளைக்காம்பராவைச் சுற்றி வரிசை நின்றது. பொம்பளைகள், ஆம்பிளைகள், அடுத்த டிவிஷன்காரர்கள். அறைத்தோழி கையெடுத்துக் கும்பிட்டாள், யாரை என்று தெரியவில்லை. சேர் வந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். தொழில்முனைவு என்றால் இதுதான்.

பத்துப் பேரைப் பார்ப்பதற்குள் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்திக்கு நூற்றி எட்டு. தங்கமான பிரஷர். அவள் முகம் சுண்டிப்போனது. "எனக்கு மட்டும் ஏன்க்கா இப்பிடி? காலையில இருந்து நல்லாத்தானே இருந்தேன்?" என்று கேட்டாள். பின்னால் நின்ற அவளுடைய மாமியார், "நம்ம வூட்டுக்கு வந்ததுல இருந்தே இவ இப்பிடித்தான்," என்று வரிசைக்குச் சொன்னார். நூற்று முப்பது வந்த ஒருவர் வெளியே போய், கோயில் படியில் இரண்டு தரம் ஏறி இறங்கி, மூச்சு வாங்க வந்து மறுபடி கையை நீட்டினார். நூற்று ஐம்பத்தைந்து. முதுகில் தட்டிக் கூட்டிப் போனார்கள்.

"ஒரே ஆளு ரெண்டு தரம் வாராங்கடி," என்று அறைத்தோழி என் காதில் சொன்னாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. சந்தோசம்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அட கடவுளே! நாங்கள் செய்துகொண்டிருந்தது என்ன? ஆட்களை வரிசையில் நிறுத்தி, ஒருத்தி நம்பரைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருத்தி கொப்பியில் எழுதினோம். தோட்டத்தில் பிறந்த யாருக்கும் அது என்னவென்று தெரியும். அது கொழுந்து நிறுவை. தினமும் கொழுந்து மடுவத்தில், அந்த நிறுவைக் கொட்டகையில், அதைத்தான் செய்கிறார்கள். சாக்கைத் தராசில் மாட்டுவார்கள், கிலோவைச் சொல்வார்கள், கொப்பியில் எழுதுவார்கள். சொன்ன கிலோ வந்தால் அன்றைக்கு முழுப் பேர். வராவிட்டால் அரைப் பேர், பாதிச் சம்பளம். நம்பர் என்றால் கூட வர வேண்டும். கூட வந்தவள் கெட்டிக்காரி. இது எங்கள் லயத்துப் பிள்ளைகளுக்கு நடக்கப் பழகும் முன்னமே தெரிந்துவிடும். எனக்கும் தெரியும். படிக்கப் போன இடத்தில் மறந்திருக்கிறேன்.

எனக்கு வந்ததே கோபம், முதலில் என் மேல், பிறகு வரிசையின் மேல். குட்டி நாற்காலி ஒன்றின் மேல் ஏறி நின்றேன்.

"இது கொழுந்து இல்ல! கூடுனா கெட்டது! விளங்குதா? கூடுனா ஆபத்து!"

நூற்றி எட்டு வந்த பெண் மெல்லக் கேட்டாள்: "அப்ப கொறஞ்சா நல்லதாக்கா?"

"ஆமா. ஒனக்குத்தான் இங்க எல்லாரையும் விட நல்லா இருக்கு."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பாவம், அந்தப் பிள்ளையைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள், படித்த பிள்ளை என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஒரு கிழவர் என்னைப் பாராட்டினார். நான் நாற்காலியிலிருந்து இறங்கினேன்.

அடுத்தது பெரியம்மா.

மெசின் இரைந்து இரைந்து நின்றது. மேலே இருநூற்று நான்கு. கீழே நூற்றிப் பதினெட்டு. அறைத்தோழி கத்துவதற்கு வாயைத் திறந்தவள், திறந்தபடியே என்னைப் பார்த்தாள். அவள் கத்தத் தேவையும் இருக்கவில்லை. நம்பர் வெளிச்சத்தில் தெரிந்தது, எழுதப்படிக்கத் தெரியாதவர்களுக்கும் தராசு நம்பர் தெரியும். "இருநூத்தி நாலுடோய்!" என்று யாரோ சொல்ல, பின்னால் கை தட்டினார்கள். நான் எழுதிக் கொடுத்த அட்டையை வாங்கிக்கொண்டு, பெரியம்மா நெஞ்சை நிமிர்த்தி எழும்பினார்.

அந்த நம்பரில் ஒரு ஆள் எழும்பி நடப்பதே பெரிய விஷயம். எந்த நேரமும் மூளைக்குள் ஒரு இரத்தக்குழாய் வெடிக்கலாம், ஒரு பக்கம் இழுத்துவிடலாம், பேச்சு போகலாம், உயிரே போகலாம். இரண்டு வாரத்துக்கு முன்னால்தான் அந்தப் பாடத்தைப் படித்திருந்தேன். கொப்பியை மூடிவிட்டு, வரிசையை அறைத்தோழியிடம் விட்டுவிட்டு பெரியம்மாவுக்குப் பின்னால் ஓடினேன்.

காம்பராவில் அவர் சாமிப் படத்துக்குப் பக்கத்தில், ஆணியில் அந்த இரண்டு அட்டைகளையும் குத்திக்கொண்டிருந்தார்.

"பெரியம்மா, இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். வாங்க."

"எதுக்கு?"

"ஒங்களுக்குப் பிரஷர் ரொம்பக் கூட. தலை கனக்கலியா ஒங்களுக்கு?"

"அது எப்பவும் கனக்கும். கூடை தூக்குற தலைதானே."

"மருந்து எடுத்தா கொறைஞ்சிரும் பெரியம்மா. நாளைக்காச்சும் வாங்க. ஒரு நாள்தானே?"

அந்த 'கொறைஞ்சிரும்' என்ற சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து எனக்குத் தலை வாரிவிட்ட மனுஷி. அப்படி ஒரு பார்வையை நான் அவரிடம் கண்டதில்லை.

"நீயும் கழிக்க வந்துட்டியா?"

"பெரியம்மா..."

"முப்பத்தெட்டு வருசமா நிறுக்கிறவனெல்லாம் கழிச்சான். சாக்குக்கு ரெண்டு கிலோம்பான். ஈரத்துக்கு மூணு கிலோம்பான். மழை பேயாத அன்னைக்கும் ஈரத்துக்குக் கழிப்பான். நான் பறிச்சது எவ்வளவுன்னு எனக்கே தெரியாது பாப்பா. நீ ஒருத்திதான் மெசின் சொன்னத அப்பிடியே எழுதிக் குடுத்த. இப்ப ஒங்கம்மாவுக்கு நூத்தி முப்பதுதான் வந்துச்சுன்னதும் எனக்குக் கொறைக்கணும்னு வாற. போ. போய் வேலயப் பாரு."

இந்த மனுஷி செத்துப்போய்விடுவார், அதுவும் என் கையெழுத்தை ஆணியில் குத்தி வைத்துக்கொண்டு செத்துப்போவார் என்று தோன்றியது. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. அந்த நேரத்தில்தான் என் வாயிலிருந்து அது வந்தது. நான் யோசித்துச் சொன்னதில்லை. அறைத்தோழியோடு இரண்டு வருடம் ஒரே அறையில் இருந்ததன் பலன் என்றுதான் நினைக்கிறேன்.

"நான் கழிக்க வரல பெரியம்மா. அந்த மெசின்தான் கழிக்குது."

"என்னாது?"

"அது சின்ன மெசின். இருநூறுக்கு மேல போனா தடுமாறும். ஒங்களுக்கு இருநூத்தி நாலுன்னு காட்டிச்சுன்னா, உண்மையில இன்னும் கூட இருக்கும். பதுளை ஆஸ்பத்திரியில பெரிய மெசின் இருக்கு. அது ஒண்ணும் கழிக்காது. முழுசாச் சொல்லும்."

அவர் ஆணியிலிருந்து அட்டைகளைக் கழற்றினார். பிறகு, "அப்பவே நெனச்சேன்," என்றார்.

அன்றிரவு நான் வீட்டிலேயே தங்கினேன். திங்கட்கிழமை காலை பெரியம்மா ஒரு நாள் பேரை விட்டுவிட்டு, திருவிழாவுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு, அட்டைகளை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு என்னோடு பஸ் ஏறினார். வழியில் ஏறிய தெரிந்தவர்களிடமெல்லாம், "பதுளைக்குப் போறேன், பெருசுல பாக்க," என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்ட பயணம் வேறு இல்லை. ஒவ்வொரு வளைவிலும் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டேன், வாய் கோணுகிறதா என்று.

ஆஸ்பத்திரியில் தாதி மிஸ் ஒருத்தர் பிரஷர் பார்த்தார். நூற்றுத் தொண்ணூற்றெட்டு. நம்பரை நான் சொல்லாமல் பெரியம்மா விடவில்லை.

"ஆறு கொறச்சிட்டாங்களே! பெரிய எடத்துல பெருசாக் கழிக்கிறாங்க பாப்பா," என்று அந்த மிஸ்ஸுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். நல்லவேளை, அவருக்குத் தமிழ் தெரியாது.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். அட்டையைப் பார்த்தார், பெரியம்மாவின் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்குப் பிரஷர் சரியான கூட. வார்ட்டில நாலு நாள் நிக்கவேணும்."

"ஆமாங்கய்யா. எங்க டிவிசன்லயே எனக்குத்தாங்க கூட," என்றார் பெரியம்மா.

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். "நீர் ஆர்?"

"நர்சிங் படிக்கிறேன் சேர்."

"அப்ப இவவுக்கு நீர் ஒண்டும் விளங்கப்படுத்தேல்லையோ?"

"சொன்னேன் சேர்."

"என்ன சொன்னனீர்?"

அவர் பெரியம்மாவின் பக்கம் திரும்பி, அவசரமில்லாமல், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். இது கூடினால் மூளையில் நரம்பு வெடிக்கும் அம்மா, பிறகு கையும் காலும் இழுத்துப்போடும், கதைக்கேலாது, ஆளையே கொண்டுபோகும், விளங்குதோ? 'இழுத்துப்போடும்' என்றபோது பெரியம்மாவுக்கு விளங்கியது. மடியில் கிடந்த தன் வலது கையைப் பார்த்தார். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்துப்போன கை. பிறகு என்னைப் பார்த்தார்.

"பெரிய மெசின்னு சொன்னியே?"

"பொய் பெரியம்மா."

அவர் எழும்பி, மிஸ் காட்டிய பக்கம் நடந்து போனார். நான்கு நாளும் பின்னேரம் வகுப்பு விட்டதும் நானும் அறைத்தோழியும் சோறு கொண்டு போனோம். என் கையால் வாங்கிச் சாப்பிட்டார். பேச்செல்லாம் அறைத்தோழியோடுதான். பசறையில் மழையா, கடையில் கருவாடு என்ன விலை என்று அவளிடம் கேட்பார். நான் கட்டில் ஓரத்தில் நின்று பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வருவேன்.

நான்காம் ஞாயிறு எனக்குக் கடையைத் திறக்கவே மனசில்லை. அறைத்தோழிதான் இழுத்துக்கொண்டு போனாள். ஆனால் அவளும் அடங்கிப்போயிருந்தாள். விடுதிப் போர்வை ஒன்றைக் கொண்டுவந்து திரையாகக் கட்டினாள். "இனிமே காதுக்குள்ளதான் சொல்லுவேன்," என்றாள். யாவாரத்துக்குச் சத்தம் வேண்டும் என்றவளின் வாயிலிருந்து அது வந்தது.

வெள்ளிக்கிழமை துண்டு வெட்டி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த பெரியம்மா அன்றைக்கு வந்தார். வரிசை தானாக வழி விட்டது. வந்தவர் முதல் வேலையாகத் திரையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். உட்கார்ந்து கையை நீட்டினார்.

"சத்தமாச் சொல்லு," என்றார் அறைத்தோழியிடம்.

நூற்று நாற்பத்திரண்டு. அவள் சத்தமாகச் சொன்னாள். கொழுந்திலும் பிரஷரிலும் எப்போதும் பெரியம்மாவுக்கு அடுத்ததாக வரும் பொம்பளை ஒருவர் இருக்கிறார். அவர்தான் முதலில், "அடடா, இம்புட்டுக் கொறஞ்சு போச்சே!" என்று உச்சுக்கொட்டினார். உச்சுக்கொட்டின வாய் சிரித்தது.

பெரியம்மா எழும்பி இடுப்பில் கையை வைத்தார். அவர் என்னைத் தோட்டமே பார்க்கக் கிழித்துத் தொங்கவிடப்போகிறார் என்று நினைத்தேன். அதற்கு நான் தயாராகத்தான் இருந்தேன்.

"என்னா பாக்குறீங்க? ஒரே வாரத்துல அறுவத்திரண்டு எறக்கியிருக்கேன். டொக்டரே அசந்து போனாரு. ஏத்துறது என்னா பெரிய வேலை? கருவாடு தின்னா ஏறும். எறக்கிக் காட்டுங்கடி பாப்போம்!"

டொக்டர் அசந்துபோனதாக எனக்குத் தெரியாது. ஆனால் இரண்டாம் இடத்துக்காரி அடுத்த நாள் காலையிலேயே டிஸ்பென்சரி வாசலில் நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் ஏழெட்டுப் பேர் நின்றார்களாம். மருந்துக்காரர் ஐயா என்ன கலவரம் என்று வெளியே வந்து பார்த்தாராம். அம்மா போனில் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நூற்றி எட்டு வந்த பெண்ணை மாமியார் இப்போது கோயிலுக்கெல்லாம் கூட்டிக்கொண்டு போகிறாராம், "எறக்கவே தேவையில்லாமப் பொறந்தவ" என்று.

வகுப்பில் நாங்கள் விளக்கியபோது சேர் கடைசிவரைக்கும் கேட்டார். கேட்டுவிட்டு, "ஆக, உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லாரையும் இலவசமாகச் செய்யும் போட்டியாளரிடம் நீங்களே அனுப்பிவிட்டீர்கள்," என்றார். ஆமாம் சேர் என்றோம். விடுதியில் மாலு பணிஸ் என்ற மீன் பன் விற்ற இரண்டு பேருக்கு முதல் மார்க். எங்களுக்கு நடுத்தரமாக ஒரு மார்க். அறைத்தோழிக்கு அது பெரிய மனக்குறை. "அந்தப் பணிசத் தின்னுதான்டி பாதிப்பேருக்குப் பிரஷர் ஏறுது," என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது பசறையில் அப்பாவின் கடைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பார்மசி வைக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வைப்பாள்.

பெரியம்மா என்னோடு பேசத் தொடங்க இன்னும் ஒரு மாதம் பிடித்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த ஒரு காலையில், பெரட்டுக்கு, காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போகுமுன் என்னைக் கூப்பிட்டார். கிளினிக் மாத்திரை உறையைக் கையில் கொடுத்தார்.

"எண்ணிப் பாரு."

"வேணாம் பெரியம்மா."

"எண்ணு. நீ எண்ணணும்னுதானே கூப்பிட்டேன். சரியா இருக்கும். நான் யாரையும் ஏமாத்துறதில்ல."

எண்ணினேன். சரியாக இருந்தது. ஒரு நாள்கூடத் தப்பவில்லை. உறையைத் திருப்பிக் கொடுத்தேன். முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றி, கயிற்றை இறுக்கினார்.

"நீ பொய் சொன்னதுக்குக் கோவம் இல்ல பாப்பா. சொல்லாட்டி நான் வந்திருக்க மாட்டேன், கட்டையில போயிருப்பேன். அது எனக்குத் தெரியும்," என்றார். பிறகு, "ஒண்ணு கேக்கட்டா?" என்றார்.

"கேளுங்க பெரியம்மா."

"எனக்கு இன்னும் ஒரு வருசந்தான் இருக்கு. ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, ஒன் கொப்பியக் கொண்டாந்து கொழுந்து மடுவத்துல நின்னு என்னோட நிறுவைய நீ எழுதுறியா? தராசு சொல்றத அப்பிடியே. எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டாப் போதும்."

நான் நர்சிங் படிக்கிறவள், மடுவத்துக்குள் என்னை விடமாட்டார்கள் என்று சொன்னேன்.

"தெரியும்," என்று சொல்லிவிட்டு, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். கூடையை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்குப் போனார்.